ஆயுத பூஜையன்று நின்றுபோன ஒன்பது காற்றாலைகள்

மேகனா வந்தபோது மாலை நான்கு மணி. மணியம்மாள் கூடத்தில் பழைய துணியை விரித்து, எரிந்துபோன மீட்டர் பெட்டி ஒன்றைத் திருகு திருகாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடப்போறாரு. போட்டாருன்னா செய்யாத தப்பைச் செஞ்சேன்னு ஒத்துக்கினதா ஆயிடும். நீங்கதான் எப்படியாவது நிறுத்தணும்."

"செய்யாத தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்க்கா. அவருக்குத்தான் தெரியல. அதான் பயமா கீது."

மணியம்மாள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடம் மின்சார இலாகாவில் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர் அவர். ஐம்பது வயதில் அதை விட்டுவிட்டு, மின் விபத்துகளுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டார். கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் குடியிருப்புப் பக்கம் எது எரிந்தாலும், எது வெடித்தாலும் ஆட்கள் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கோபப்பட மாட்டார், அவசரப்பட மாட்டார், பாதி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"தெருமுனைல வண்டியோட நிக்கிறாரு. உள்ள வர வெக்கப்படறாரு."

"வரச் சொல்லு. வெக்கப்படறதுக்கு இன்னா கீது?"

அவரை அழைத்துவரப் போனவர் சிரில். சிரிலைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவரே வந்து இருபது வரி சொல்லுவார். ஆண்டர்சன்பேட்டையில் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். கடையில் இருக்கும் நேரத்தைவிட மணியம்மாள் வீட்டில் இருக்கும் நேரம்தான் அதிகம். எந்த வழக்கு வந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். இதுவரை ஒரு தடவைகூட அது சரியாக இருந்ததில்லை, அதனால் அவர் சோர்ந்துபோனதும் இல்லை.

ஆஸ்டினுக்கு முப்பத்தொரு வயது. நான்கு வருடமாக, பூதிகோட்டைக்கு அப்பால் குன்றுகளின் மேல் இருக்கும் ஒரு காற்றாலை நிறுவனத்தில் வேலை. நாற்பது காற்றாலைகளையும் கணினித் திரையில் கவனிக்கும் அறையில் அவர் ஆபரேட்டர். ஆள் பத்தொன்பது நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேகனா கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க ஆஸ்டின். எதையும் விடாம."

"ஆயுத பூஜை அன்னைக்குக்கா. காலைல எல்லாரும் டிரான்ஸ்பார்மர் யார்டுல கீற பேனல் ரூமுக்குப் பூஜைக்குப் போயிட்டாங்க. நான் கிறிஸ்டியன், நான் ரூமைப் பாத்துக்கறேன், நீங்க போங்கன்னு சொன்னேன். வருஷா வருஷம் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு அவங்க எனக்காக உக்காருவாங்க."

"சரி."

"மணி ஒம்போது நாப்பது இருக்கும். முதல்ல டியூப் லைட்டு லேசா படபடன்னுச்சு. பாத்துக்கினே இருக்கறேன், வெளிய டிரான்ஸ்பார்மர் உறும ஆரம்பிச்சுச்சு. அப்புறம் தரை, அப்புறம் ஜன்னல் கண்ணாடி. ஏறிக்கினே போச்சு. இன்னும் கொஞ்சம் போனா கண்ணாடியே உடையும்னு நினைச்சேன். கையை நீட்டி, காத்தாடிங்களையெல்லாம் மொத்தமா துண்டிக்கிற ஸ்விட்சை அமுக்கினேன்." ஆஸ்டின் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்புறம் ரிஜிஸ்தர்ல ராக் பர்ஸ்ட்டுன்னு எழுதினேன்."

கோலார் தங்கவயலுக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். பூமிக்குள் மைல் கணக்கில் தோண்டிப்போட்ட சுரங்கங்களில் பாறை திடீரென்று வெடித்து உதிரும். அப்போது மேலே வீடு அதிரும், அலமாரியில் பாத்திரம் குலுங்கும். சுரங்கத்தை மூடி இத்தனை வருடம் ஆன பிறகும் எப்போதாவது அது வரத்தான் செய்கிறது. இந்த ஊர்க் குழந்தை அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்ளும் சொல் அதுவாகக்கூட இருக்கலாம். ஜன்னல் அதிர்ந்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். "பர்ஸ்ட்டு" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்கள்.

"ஒம்போது காத்தாடில மின்சாரத்தைக் கட்டுப்படுத்துற பெட்டிங்க எரிஞ்சு போச்சு" என்றாள் மேகனா. "மேனேஜர் மஞ்சுநாத் சார் விசாரிச்சு, அதிர்வு அளக்கிற ஆபீஸ்ல லெட்டர் வாங்கினாரு. அன்னைக்கு ஒரு அதிர்வும் பதிவாகலன்னு அதுல கீது. உடனே இவரு பொய்யருன்னு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. ஸ்விட்சைத் தப்பா போட்டு மெஷினை எரிச்சிட்டு, மறைக்கிறதுக்கு ராக் பர்ஸ்ட்டுன்னு எழுதிட்டாராம். தப்பை ஒத்துக்கினு ராஜினாமா பண்ணா அதோட விட்டுடுவாங்களாம். இல்லன்னா வேணும்னே மெஷினை நாசம் பண்ணதா போலீஸ் கம்ப்ளெயின்ட்டு."

"அவங்க சொல்றதுக்கு இன்னா ஆதாரம்?"

ஆஸ்டின் சட்டைப்பையிலிருந்து விசாரணைக்கு அழைத்த கடிதத்தையும் அதோடு வந்த இன்னொரு காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது, கணினியின் நிகழ்ச்சிப் பட்டியல். முதல் வரி: ஒன்பது நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டாவது வினாடி, மொத்த ஸ்விட்ச் ஆபரேட்டரால் திறக்கப்பட்டது. அதற்குக் கீழே, அடுத்தடுத்த வினாடிகளில், ஒன்பது காற்றாலைகளின் பழுதுச் செய்திகள்.

"பாத்தீங்களாக்கா. முதல்ல என் விரலு. அப்புறம்தான் மத்ததெல்லாம். தினமும் இதையே பாத்துப் பாத்து, எது முன்னாடி, எது பின்னாடின்னு எனக்கே குழம்பிடுச்சு. பயத்துல முதல்ல அமுக்கிட்டு அப்புறம் அதிர்வைப் பாத்தேனோ என்னவோ. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்ல?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஆனா கேட்ட இடத்துல இருந்துதான் சொல்லும்" என்றார் மணியம்மாள். "அன்னைக்குக் காத்து எப்படி?"

"காத்தே இல்லக்கா. லேசா. எல்லாம் மெதுவாத்தான் சுத்திக்கினு இருந்துச்சு."

"அங்கருந்து கரண்டு வெளிய போறது எப்படி?"

"ரெண்டு லைனு. ஒண்ணாம் லைன் சின்னது, பக்கத்து சப்ஸ்டேஷனுக்குப் போகுது. ரெண்டாவது ரொம்ப நீளம். நூத்தைம்பது கிலோமீட்டருக்கு மேல. போன வருஷம்தான் அந்த லைன்ல பெரிய பெரிய கெப்பாசிட்டர் வச்சாங்க. ஆனா லைனெல்லாம் பேனல் ரூம்ல இருக்கறவங்க பாத்துப்பாங்க. என் ஸ்கிரீன்ல காத்தாடி மட்டும்தான் தெரியும்."

மேகனா தன் போனை நீட்டினாள். அன்று காலை ஒன்பது முப்பத்தெட்டுக்கு ராகவ் என்ற டெக்னீஷியன் பூஜை வாழ்த்துடன் எல்லோருக்கும் அனுப்பிய படம் அது. பேனல் அறையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் மஞ்சுநாத், நெற்றி நிறையக் குங்குமம். பின்னால் 'லைன் ஒன்று' என்று எழுதிய இரும்புப் பேனலுக்குச் சாமந்தி மாலை, சந்தனப் பொட்டு. கீழே உடைத்த தேங்காய், எலுமிச்சம்பழம். மாலைக்கு மேலே ஒரு சிறு பச்சை விளக்கு எரிகிறது.

"எல்லாரும் இதுல கீறாங்க. இவரு மட்டும்தான் இல்ல. அதையும் அவருக்கு எதிராத்தான் சொல்றாங்க, தனியா இருந்தாருன்னு."

சிரில் படத்தை எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. "அக்கா, புடிச்சிட்டேன். தேங்காத் தண்ணி. பேனலுக்குள்ள தேங்காத் தண்ணி எறங்கியிருக்கு."

"பேனல்ல ஏதாவது கோளாறு இருந்துச்சா ஆஸ்டின்?"

"இல்லக்கா. அது இன்னைக்கும் நல்லாத்தான் ஓடுது."

"அதான், பச்சை லைட்டு வேற எரியுதே. எல்லாம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்" என்று சிரில் தானே ஒத்துக்கொண்டார். "அப்போ இந்த ராகவ்தான். ஆஸ்டின் வேலைமேல கண்ணு."

மணியம்மாள் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். தனக்கு அனுப்பச் சொன்னார். பிறகு சம்பந்தமே இல்லாததைப் போல, "சிரில், அந்தக் குன்றுங்களுக்குப் பக்கத்துல பகல்லயும் குண்டு பல்பு எரிய விடறவங்க யாராவது உண்டா? எல்ஈடி வேணாம். அதெல்லாம் கரண்டு கொஞ்சம் ஆடினா காட்டிக்காது. பழைய குண்டு பல்பு" என்று கேட்டார்.

சிரிலுக்கு முகம் மலர்ந்தது. "பூதிகோட்டைல வெங்கடம்மா. கோழிக்குஞ்சு ஷெட்டு வச்சிருக்காங்க. குஞ்சுங்களுக்குச் சூடு வேணும்னு பகலும் ராத்திரியும் குண்டு பல்பு எரியும். திருட்டு பயம்னு நான்தான் அங்க கேமரா மாட்டினேன். முப்பது நாள் பதிவு அப்படியே இருக்கும்."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அங்க இருக்கணும். ஆஸ்டின், விசாரணைல உங்களுக்காகப் பேச ஒரு ஆளைக் கூட்டிக்கினு வரலாம்னு உங்க லெட்டர்லயே போட்டிருக்கு. அந்த ஆள் நான்தான். நான் சொல்ற வரைக்கும் பேனாவைத் தொடாதீங்க."

மறுநாள் காலை பூதிகோட்டையில் வெங்கடம்மா, அவர்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர், இரண்டிலும் குறைதான் சொல்லுவார்.

"அவுனம்மா, ஆமா, ஆயுத பூஜை அன்னைக்குத்தான். லைட்டு படபடன்னு அடிச்சுது. குஞ்சுங்க அத்தனையும் பயந்து ஒரு மூலைல ஏறி விழுந்து நெரிஞ்சு, அஞ்சு செத்துப்போச்சு. கரண்டு ஆபீஸ்ல சொன்னா, உங்க ஊட்டு ஒயரிங் சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

சிரில் பதிவைத் தேடி எடுத்துத் தன் லேப்டாப்பில் ஓட விட்டார். ஷெட்டின் நடுவில், கூரையிலிருந்து நீளமான ஒயரில் ஒரு குண்டு பல்பு தொங்குகிறது. கீழே மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள். வெளிச்சம் முதலில் மிக லேசாகத் துடிக்கிறது. பிறகு நன்றாகவே துடிக்கிறது. போகப் போக ஒவ்வொரு துடிப்பும் முந்தியதைவிடப் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் கண் கூசும் அளவுக்கு மங்கி மங்கிப் பளிச்சிடுகிறது. குஞ்சுகள் மூலையை நோக்கி ஓடுகின்றன. சட்டென்று எல்லாம் நின்று, பல்பு அமைதியாக எரிகிறது.

மணியம்மாள் மூன்று முறை ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு செகண்டு. சிரில், நீ இன்னா பாத்தே?"

"பல்பு படபடக்குது."

"பல்பு ஆடுதா?"

சிரில் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவ்வளவு நீள ஒயரில் தொங்கும் பல்பு, சுவரில் அடித்த ஆணி போல அசையாமல் இருந்தது. வெளிச்சம்தான் துடித்ததே தவிர பல்பு இம்மியும் ஆடவில்லை.

"ஆடலக்கா. அப்போ பூமி அதிரல. அப்போ கம்பெனி லெட்டர் சரி. ஆஸ்டின் பொய்தான் சொல்லியிருக்காரா?" சிரிலின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. ஒரே ராத்திரியில் அவருக்கு ஆஸ்டினைப் பிடித்துப்போயிருந்தது.

"லெட்டரும் சரி, ஆஸ்டினும் சரி" என்றார் மணியம்மாள். "அந்தப் பதிவைக் காப்பி எடுத்துக்கோ. வா, நேரமாச்சு."

விசாரணை நடந்தது காற்றாலை நிறுவனத்தின் விருந்தினர் அறையில். மேகனாவை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மேசையின் ஒரு பக்கம் விசாரணை அதிகாரி ராதிகா. பெங்களூரிலிருந்து வந்த வழக்கறிஞர், பேச்சில் கறார், கடிகாரத்தை அடிக்கடி பார்க்கும் பழக்கம். பக்கத்தில் மேனேஜர் மஞ்சுநாத். எதிரே ஆஸ்டின், மணியம்மாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரில். மேசையின் நடுவில் கையெழுத்துக்காக அந்தக் காகிதம், அதன் மேல் ஒரு பேனா.

"பத்து நிமிஷம் தரேன்" என்றார் ராதிகா. "ஆஸ்டினே ஒத்துக்கத் தயாரா இருக்கறதா சொன்னாங்க."

"பத்து நிமிஷம் போதும் மேடம். முதல்ல ஒரு கேள்வி. ராக் பர்ஸ்ட்டுன்னா எப்படி இருக்கும்னு நீங்க கேட்டிருக்கீங்களா?"

"நான் இந்த ஊர் இல்ல."

"நான் இந்த ஊருதான். ஆஸ்டினும் இந்த ஊருதான். அது வரும்போது ஒரே இடி. டம்முன்னு அடிக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். முதல்லதான் பெருசு. ஆஸ்டின் எனக்குச் சொன்னதைக் கேளுங்க. லேசா ஆரம்பிச்சுது, ஏறிக்கினே போச்சு. இது தலைகீழ். பாறை வெடிச்சா மெல்ல மெல்ல ஏறாது. பயத்துல இருந்த மனுஷன், சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச ஒரே பேரை வச்சுட்டாரு. வேற ஊர்க்காரர் யாராவது அந்த நாற்காலில உக்காந்திருந்தா 'காரணம் தெரியல'ன்னு எழுதியிருப்பாங்க, இந்தக் கேஸே வந்திருக்காது. பேரு தப்பு. பாத்தது தப்பு இல்ல."

மஞ்சுநாத் குறுக்கிட்டார். "மேடம், அதிர்வு எப்படி வந்ததுங்கறது இல்ல கேள்வி. ஸ்விட்ச் ஆபரேட் பண்ணப்புறம்தான் எல்லா ஃபால்ட்டும் வந்திருக்கு. ரெகார்ட் இருக்கு."

"சிரில், காட்டு."

சிரில் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். பல்பு துடித்தது, பெரிதானது, குஞ்சுகள் ஓடின, எல்லாம் சட்டென்று நின்றது.

"அஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோழி ஷெட்டு. அதே நாள், அதே நேரம். பல்பு ஆடல, பாருங்க. பூமில ஒண்ணும் இல்ல, கரண்டுலதான் ஆட்டம். சரி, ஸ்விட்சைத் தப்பா போட்டா எப்படி ஆகும்? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஒரே அடி. முடிஞ்சுது. இது இருபத்திரண்டு செகண்டு வளர்ந்திருக்கு. மேடம், எந்த விரலாலயும் ஒரு ஸ்விட்சை இருபத்திரண்டு செகண்டு மெல்ல மெல்லத் தப்பா போட முடியாது."

ராதிகா முதல் முறையாகக் கடிகாரத்தை மறந்தார். "அப்போ எதனால?"

"இந்த இடத்துக்கு ரெண்டு லைன் கீது. ரெண்டாவது ரொம்ப நீளம். நீள லைன்ல நிறைய கரண்டு போறதுக்காக வழில கெப்பாசிட்டர் வச்சிருக்காங்க. நல்ல ஏற்பாடுதான். ஆனா லைனும் கெப்பாசிட்டரும் சேர்ந்தா, அதுக்குன்னு சொந்தமா ஒரு ஆட்டம் வந்துடும். நம்ம கரண்டு செகண்டுக்கு அம்பது தடவை ஆடுது. இது அதைவிட மெதுவான ஆட்டம். சப்-சிங்க்ரனஸ் ஆசிலேஷன்னு பேரு, பேரை விடுங்க. சாதாரணமா அது தானா அடங்கிடும். ஆனா காத்தாடிக்குள்ள கரண்டைக் கட்டுப்படுத்துற ஒரு பெட்டி கீது. அது அந்த ஆட்டத்தைப் பாத்து, அடக்கறதா நினைச்சுக்கினு தப்பான நேரத்துல தள்ளும். ஊஞ்சலை ஒவ்வொரு தடவையும் சரியா போற பக்கமே தள்ளினா எப்படி? குழந்தை கத்தற வரைக்கும் ஏறும். காத்து குறைவா இருந்து காத்தாடி மெதுவா சுத்தும்போதுதான் இந்தத் தப்பு அதிகமா நடக்கும். அன்னைக்குக் காத்தே இல்ல."

"அப்படின்னா இது தினமும் நடக்கணுமே" என்றார் ராதிகா.

"நடக்காது மேடம். ஒண்ணாம் லைன் கூட இருக்கற வரைக்கும் நடக்காது. அது சின்ன லைன், பக்கத்துலயே பலமா ஒரு சப்ஸ்டேஷன். கரண்டுக்கு அந்த வழியும் இருக்கறப்போ ஆட்டம் வளராது. ஒண்ணாம் லைனை எடுத்துட்டா நாப்பது காத்தாடியும் அந்தக் கெப்பாசிட்டர் லைன்ல மட்டும் தொங்கும்."

"ஒண்ணாம் லைன் அன்னைக்கு ஆன்லதான் இருந்தது" என்றார் மஞ்சுநாத். குரல் தாழ்ந்திருந்தது.

மணியம்மாள் போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, மேசைமேல் வைத்தார். "இது உங்க பூஜைப் படம் சார். ஒன்பது முப்பத்தெட்டுக்கு வந்தது. ஒண்ணாம் லைன் பேனலுக்கு மாலை. மாலைக்கு மேல பச்சை லைட்டு. ரோட்டுல பச்சைன்னா போகலாம். பேனல்ல அப்படி இல்ல. லைன்ல கரண்டு ஓடுதுன்னா சிவப்பு எரியும். பச்சை எரிஞ்சா லைன் துண்டிச்சிருக்குன்னு அர்த்தம். இது உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

சிரில் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முந்தின நாள் அந்த விளக்கைப் பார்த்து எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொன்னவர் அவர்தானே.

"இன்னும் ஒண்ணு" என்று மணியம்மாள் தொடர்ந்தார். "நீங்க கொடுத்த கம்ப்யூட்டர் பட்டியல் ஆஸ்டினோட விரல்ல ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி அரைமணி நேரத்துல ஒண்ணுமே நடக்கலையா? பழுதுச் செய்தி எப்பவும் சில செகண்டு தாமதமாத்தான் வந்து சேரும், அதனால விரலுக்கு அப்புறம் வந்த மாதிரி தெரியுது. அந்த அரைமணி நேரத்தையும் இப்போ அடிச்சுத் தாங்க. தரலன்னாலும் பரவால்ல. மாநிலத்து மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பற மையத்துலயும் இந்த லைனோட பதிவு இருக்கும். காலைல வர்ற வழிலயே கேட்டு எழுதிட்டேன். ஒரு வாரத்துல வந்துடும்."

மஞ்சுநாத் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட ஆள் இல்லை. நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"போன வருஷம் யார்டுல ஒண்ணாம் லைன் பிரேக்கருக்கு, அதான் லைனைத் துண்டிக்கிற பெரிய ஸ்விட்சுக்கு, மாலை கட்ட ராகவ் ஏணி போட்டு ஏறிட்டான் மேடம்" என்றார் கடைசியில். "தலைமுடி நட்டுக்கிட்டு நின்னுது. இன்னும் ஒரு அடி மேல போயிருந்தா கருகியிருப்பான். இந்த வருஷம் மாலை வேண்டாம்னு சொன்னேன், யாரும் கேக்கல. வருஷத்துக்கு ஒரு நாள் அதுக்கும் மாலை போடலன்னா எப்படின்னாங்க. அதனால லைனையே ஆஃப் பண்ணிட்டேன். பதினஞ்சு நிமிஷம். காத்து இல்ல, ஒரு லைன் தாராளமா போதும்னு நினைச்சேன். பெர்மிட் எழுதிக் கேட்டா லீவு நாள்ல யார் தருவாங்க? கேக்கல. இப்படி ஒரு ஆட்டம் வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாம நடந்தது சரி" என்றார் ராதிகா. "பட்டியலை வெட்டினது தெரியாம நடந்ததா?"

மஞ்சுநாத் தலையைக் குனிந்தார். "பெர்மிட் இல்லாம லைனை எடுத்தது தெரிஞ்சா என் வேலை போயிடும். ராக் பர்ஸ்ட்டுன்னு ஆஸ்டின் எழுதியிருந்ததைப் பாத்தேன். இயற்கைன்னு சொல்லி ஃபைலை மூடிடுவாங்கன்னுதான் அந்த லெட்டரே கேட்டேன். லெட்டர் வேற மாதிரி வந்துடுச்சு. அப்புறம் ஒரு வார்னிங்கோட முடிஞ்சுடும்னு நினைச்சேன். ஹெட் ஆபீஸ்ல போலீஸ் வரைக்கும் கொண்டு போவாங்கன்னு நினைக்கல."

இப்போது ஆஸ்டின் பேசினார்.

"உங்களையெல்லாம் பூஜைக்கு அனுப்பிட்டுத்தான் சார் நான் அங்க தனியா உக்காந்தேன். லைனை எடுக்கறேன்னு ஒரு போன் பண்ணியிருந்தா பாதி காத்தாடியை நிறுத்தி வச்சிருப்பேன். அதை விடுங்க. அதுக்கப்புறம் ரெண்டு தடவை எங்க ஊட்டுக்கு வந்து, கையெழுத்துப் போட்டுடு ஆஸ்டின், உன் நல்லதுக்குத்தான்னு சொன்னீங்களே. மேகனா உங்களுக்குச் சாப்பாடு போட்டாளே. அப்போகூட உங்களுக்குச் சொல்லணும்னு தோணலையா? எனக்குப் பைத்தியம் புடிக்காத குறை சார். என் கையை நானே சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்."

மஞ்சுநாத் அவரை நிமிர்ந்து பார்க்க முயன்றார், முடியவில்லை. "தப்பு பண்ணிட்டேன்ப்பா" என்று மட்டும் சொன்னார்.

ராதிகா பேனாவை எடுத்து மூடி, மேசையில் இருந்த காகிதத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆஸ்டின் மேல எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படலன்னு இன்னைக்கே எழுதிடறேன். சஸ்பென்ஷனை ரத்து பண்ணவும் எழுதறேன். மஞ்சுநாத், நீங்க இப்போ சொன்னதை உங்க கையால எழுதிக் கொடுங்க. இனிமே ஒண்ணாம் லைனை எடுக்கறதுக்கு முன்னாடி இந்த மேடம்கிட்ட ஒரு ரிப்போர்ட் வாங்கச் சொல்றேன்."

"மேடம், ஒரே ஒரு விஷயம் பாக்கி கீது" என்றார் மணியம்மாள். "குற்றம் நிரூபிக்கப்படலன்னு எழுதினா பத்தாது. அந்தப் பதிவை இன்னொரு தடவை பாருங்க. இருபத்திரண்டு செகண்டு வளர்ந்த ஆட்டம் எப்படி நின்னுது? கொஞ்சம் கொஞ்சமா அடங்கல. ஒரே வெட்டு. காத்தாடியெல்லாம் லைன்ல இருந்து கழண்டுபோனாத்தான் அப்படி நிக்கும். அந்த நேரத்துல கழட்டினது யாரு? உங்க பட்டியலோட முதல் வரிலயே கீது. பேனல் ரூம்ல பத்து பேர் சாமி கும்பிட்டுக்கினு இருந்தாங்க. யாரும் எதையும் நிறுத்தல. ஒன்பது காத்தாடிக்கு நேரம் கடந்துபோச்சு. மிச்சம் முப்பத்தொரு காத்தாடி இன்னைக்குச் சுத்துதுன்னா, அது ஆஸ்டின் ஸ்விட்சை அமுக்கினதாலதான். இதையும் எழுதுங்க."

ராதிகா மூடி வைத்திருந்த குறிப்பேட்டை மறுபடி திறந்து எழுதத் தொடங்கினார். ஆஸ்டின் மேசைமேல் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஜலதோஷம் என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கேட்டருகே மேகனா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஓடி வந்தவள் முதலில் மணியம்மாள் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஆஸ்டினைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல."

"இன்னா சொன்னாங்க? நீ அந்த ஸ்விட்சைத் தொட்டதால எரியலன்னு ஒத்துக்கினாங்களா?"

"தொட்டேன் மேகனா" என்றார் ஆஸ்டின். பத்தொன்பது நாளில் முதல் தடவையாகக் குரல் தெளிவாக இருந்தது. "நான்தான் தொட்டேன். தொட்டதாலதான் மிச்சதெல்லாம் பொழைச்சுது."